தொண்டூர் மச்சானும் பன்னிரண்டு கிளாஸும்

பீர் விஷயத்தில் நம்மூர் ஆசாமிக்குத் தெரிந்த கேள்விகள் மொத்தம் இரண்டு. 'சில்லுனு இருக்கா?' என்பது ஒன்று. 'ஸ்ட்ராங்கா, லைட்டா?' என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் வரும்: 'இருக்கறது இதான், வேணுமா?' சனிக்கிழமை சாயங்காலம், பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். இந்த நிலைமையில் 'அண்ணே, இதுல ஹாப்ஸ் எந்த ஊரு?' என்று கேட்டுப் பாருங்களேன். வரிசையே உங்களைத் தூக்கி வெளியே வைத்துவிடும்.

ஆனால் அப்படிக் கேட்பதற்கென்றே பெங்களூரில் ஒரு ஜனம் இருக்கிறது. அதில் ஒருவன் என் அத்தை பையன். பிறந்தது செஞ்சி பக்கம் தொண்டூர். பிழைப்பு ஒயிட்ஃபீல்டில், கம்ப்யூட்டர் கம்பெனியில். பத்து வருஷம் முன்னால் வரை திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, 'பின்னாடி லேசா வாழைப்பழம் வருது மச்சான்' என்கிறான். முன்னாடி என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.

அவன்தான் என்னை அந்த விழாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். பெரிய புல்வெளி, வரிசையாகக் கூடாரம். வாசலில் கையில் ஒரு பட்டை கட்டினார்கள், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி. கூடவே பன்னிரண்டு கூப்பனும், விபூதிக் கிண்ணத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கிளாஸும். "இவ்ளோதானா?" என்றேன். "இது குடிக்கற விழா இல்ல மச்சான், ருசிக்கற விழா" என்றான். சரிதான். கல்யாணத்துக்கு அழைத்துப் போய் இலையில் ஊறுகாய் மட்டும் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

கிளாஸ் சின்னதாக இருப்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மனியில் மியூனிக் அக்டோபர் விழா 1810-ல் ஒரு இளவரசர் கல்யாணத்தில் தொடங்கியது. அங்கே ஒரு மக் என்றால் முழுசாக ஒரு லிட்டர். மியூனிக் நகரத்து ஆறு பெரிய கம்பெனிகள்தான் பீர் ஊற்றலாம், வெளியாளுக்கு இடமில்லை. அமெரிக்காவில் 1982-ல் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிய விழா இதற்கு நேர் எதிர். சின்னச் சின்ன ஆட்கள் காய்ச்சியதையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு அவுன்ஸ், அதாவது முப்பது மில்லி சொச்சம் ஊற்றுகிறார்கள். நம் வீட்டில் இருமல் மருந்துக்கு வைத்திருக்கும் மூடிக் கணக்கு. யாராவது கிளாஸைக் கீழே போட்டு உடைத்தால் மொத்தக் கூட்டமும் 'ஓ' என்று கத்தும். சிலர் கழுத்தில் முறுக்கு மாலை போட்டுக்கொண்டு சுற்றுவார்கள். அவர்கள் ஊர் முறுக்குதான், பிரெட்சல். ஒரு வாய் பீர், ஒரு கடி மாலை. சைடு டிஷ்ஷைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்ளும் இந்த யோசனை நம் ஆட்களுக்கு ஏன் வரவில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

இந்தியாவில் இந்த வியாதி தொடங்கி ரொம்ப நாளாகவில்லை. 2009-ல் புனேயில் டூலாலி என்று ஒரு கடை, சாப்பிடும் இடத்திலேயே பீரும் காய்ச்ச ஆரம்பித்தது. அடுத்த வருஷம் பெங்களூர் இந்திராநகரில் டாய்ட் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று பெரிய செப்புக் குண்டான், இந்தப் பக்கம் நாம். அதற்கு முன்னால் பெங்களூருக்கும் பீருக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. 1915-ல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் லெய்ஷ்மேன் தென்னிந்தியாவில் இருந்த சில ப்ரூவரிகளைச் சேர்த்துத்தான் யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார். ஆனால் அது தொழிற்சாலை. கன்னியாகுமரியில் வாங்கினாலும் காஷ்மீரில் வாங்கினாலும் ருசி ஒன்றாக இருக்கவேண்டும் என்பது தொழிற்சாலை தர்மம். போன வாரம் இருந்த ருசி இந்த வாரம் இருக்கக்கூடாது என்பது இவர்கள் தர்மம். இவர்களைப் பார்த்தால் நம்ம கல்யாண சமையல்காரர்கள் ஞாபகம்தான் வருகிறது.

சரி, கூப்பனுக்கு வருவோம்.

முதல் கிளாஸ் கோதுமை பீர். ஹெஃபெவைசன் என்று பெயர், சொல்வதற்குள் நுரை அடங்கிவிடும். மச்சான் சொன்ன வாழைப்பழம் இதில்தான். உளறவில்லை, நிஜமாகவே இருந்தது. இதில் போடுகிற ஈஸ்ட், பழுத்த வாழைப்பழத்தில் இருக்கும் அதே வாசனை ரசாயனத்தை உண்டாக்குமாம். கூடவே கொஞ்சம் கிராம்பு வாசனையும். ஒரு பழமோ ஒரு கிராம்போ உள்ளே போட்டதில்லை.

இரண்டாவது ஐ.பி.ஏ. விரித்தால் இந்தியா பேல் ஏல். பெயரில் நம் நாடு, ருசியில் நிலவேம்புக் கஷாயம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் லண்டன் ஹாட்ஜ்சன் கம்பெனி இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பீர் அனுப்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல் மாசக்கணக்கில் வரும். கெடாமல் இருக்க ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைத் தாராளமாகச் சேர்த்தார்கள். கப்பல் போய் சூயஸ் வந்து, சூயஸ் போய் ஃப்ரிட்ஜ் வந்து, அதற்கப்புறமும் அந்தக் கசப்பை மட்டும் விடவில்லை. சில குடும்பங்களில் தாத்தா காலத்துச் சண்டையை வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

நாலாவதோ ஐந்தாவதோ, கோசே என்று ஒன்று. ஜெர்மனிக்காரன் சமாச்சாரம். புளிப்பு பீர், அதில் உப்பு, கொத்தமல்லி விதை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புளிப்பு, உப்பு, தனியா! பெருங்காயமும் நாலு மிளகும் தட்டிப்போட்டால் ரசம். ஊற்றின பையனிடம் சொன்னேன். அவன் மரியாதையாக, "நோட் பண்ணிக்கறேன் சார்" என்றான். அடுத்த வருஷம் மிளகு ரச பீர் வந்தால் ஐடியா என்னுடையது.

அப்புறம் காப்பிக் கொட்டை போட்ட கறுப்பு ஸ்டவுட். (இது பேஷ். கும்பகோணம் டிகிரி காப்பி கொஞ்சம் வழி தவறிப்போன மாதிரி.) மாம்பழம் போட்டது ஒன்று. அரிசியில் செய்தது ஒன்று. டாய்ட்காரர்களே பாசுமதி அரிசியில் ஒரு பீர் போடுகிறார்கள். பிரியாணிக்கே பாசுமதி வாங்க யோசிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவன் நான், என்ன சொல்லட்டும்?

பதினோராவது கிளாஸில்தான் விஷயம் இருக்கிறது. பெல்ஜியத்திலிருந்து வந்த பாட்டில். லாம்பிக் என்று பெயர். மற்ற பீருக்கெல்லாம் ஈஸ்ட்டைத் தனியாக வளர்த்துப் போடுகிறார்கள். இதற்குக் கிடையாது. காய்ச்சின சாற்றைக் குளிர்கால ராத்திரியில், கூரைக்கடியில், அகலமான தொட்டியில் திறந்துபோட்டு ஆறவிடுவார்கள். காற்றில் மிதந்து வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானாக வந்து இறங்கும். அப்புறம் மரப் பீப்பாயில் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று தூங்கும். பிரஸ்ஸல்ஸ் பக்கத்துக் காற்றுக்குத்தான் அந்த ருசி வரும் என்று சத்தியம் செய்கிறார்கள். ஒரு கிளாஸுக்கு மூன்று கூப்பன் கிழித்தார்கள். மச்சான் தனக்கு மிச்சமிருந்த மூன்றையும் கொடுத்து வாங்கினான். ஒரு வாய் உறிஞ்சினான். அரை நிமிஷம் பேசவில்லை.

"மச்சான், இது... எங்க ஊர் கள்ளு வாசனைடா."

பக்கத்தில் நின்ற தாடிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையில், கோயிலில் செருப்போடு நுழைந்துவிட்ட உணர்வு எனக்கு.

ஆனால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. பனம்பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கினால் போதும். ஈஸ்ட் வாங்கப் பாக்கெட் தேவையில்லை. காற்றும், பாளையும், பழைய கலயத்தின் உள்பக்கமும் பார்த்துக்கொள்ளும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். காலையில் இனிப்பு, மத்தியானம் புளிப்பு, சாயங்காலத்துக்குள் நாலைந்து சதவீதம் ஆல்கஹால், அதாவது ஒரு லைட் பீர். மறுநாள் காடி. லாம்பிக் மூன்று வருஷத்தில் முடிக்கிற நாடகத்தைக் கள் ஒரே பகலில் முடித்துவிடுகிறது. அதற்குப் பீப்பாய் கிடையாது, லேபிள் கிடையாது, தாடிக்காரரும் கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை மாமாவிடம், அதாவது மச்சானின் அப்பாவிடம் சொன்னோம். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வரப்பில் பதினெட்டுப் பனை வைத்திருக்கிறார். பையன் பெல்ஜியத்துத் தொட்டியை விவரிக்க விவரிக்க, அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அத்த எவ்ளோக்குடா குடுக்கறான்?" என்றார்.

"ஒரு பாட்டில் ரெண்டாயிரத்துக்கு மேல போவும்பா."

"தோ நிக்கிதே பதினெட்டு மரம். ஒண்ணுல ஏறி ஒரு முட்டி கட்டினா என்னைப் புடிச்சி உள்ள வெப்பான்" என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு என்கிற குரலில் சொன்னார்.

1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது வந்த சட்டம்தான் இன்றும் அடிப்படை. நடுவில் 1971-ல் திறந்தார்கள், மூடினார்கள், எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி திறந்தார்கள். 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவு சாத்தப்பட்டது. 1983-ல் பிறந்த டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்த ஆரம்பித்தது. ஆக, பிராந்தி கவர்ன்மெண்ட் கவுண்டரில். பனைமரம் மாநில மரம். அதிலிருந்து இறங்குவது மட்டும் குற்றம். மாமா கடைசியாகக் கடையில் கள் குடித்தபோது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டினால் இப்போதும் கள்ளுக்கடை உண்டு, லைசென்ஸோடு. திருக்கனூர்ப் பக்கம் எந்த மரம் எந்த ஸ்டேட் என்று மரத்துக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

இத்தனைக்கும் தொண்டூர் குடிகார ஊர் இல்லை. அங்கே பாறையில் சமணத் துறவிகளுக்கு வெட்டிக்கொடுத்த படுக்கைகள் இருக்கின்றன, தமிழ்ப் பிராமி எழுத்தோடு. ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு வருஷத்துக் கல். கள்ளைத் தொடாதவர்களுக்குக் கல்லில் மெத்தை போட்ட ஊர் எங்க ஊர் என்று மச்சான் பெங்களூரில் பெருமை அடித்துக்கொள்வான், கையில் கிளாஸோடு.

அதே காலத்துக்கு முன்னே பின்னே, குடித்தவர்கள் சங்கதியும் எழுத்தில் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் அரிசிக் கள் செய்யும் முறையைக் கிட்டத்தட்ட சமையல் குறிப்பாகவே கொடுத்திருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டு. வாயகன்ற தட்டில் ஆறவை. முளைவிட்ட நெல்லை இடித்த அடையைப் பிசைந்து கல. இரண்டு பகல், இரண்டு ராத்திரி கெட்டியான சாடியில் வை. விரலால் அலைத்து வடிகட்டு. முளைகட்டிய தானியம் என்றால் இங்கிலீஷில் மால்ட். அகலத் தட்டில் ஆறவைப்பது பெல்ஜியத் தொட்டி. பாசுமதி பீரைப் பார்த்து வாயைப் பிளந்தேனே, இந்தத் தொண்டை நாட்டிலேயே அரிசி பீர் இருந்திருக்கிறது! பவேரியாவில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் போடக்கூடாது என்று புகழ்பெற்ற சட்டம் வந்ததே 1516-ல்தான். அதில் ஈஸ்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒரு ஜீவன் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது.

சிறுபாணாற்றுப்படை இன்னும் பக்கம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். ஓய்மானாடு என்றால் திண்டிவனம் வட்டாரம், சாட்சாத் நம்ம ஜில்லா. அதில் எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர். போகிற பாணனுக்கு மீனவப் பெண் வடிகட்டின பழைய தேறலும், சுட்ட கருவாடும் கிடைக்கும் என்று வழி சொல்கிறார்கள். சைடு டிஷ் வரைக்கும் எழுதிவைத்த இலக்கியம் வேறெந்த பாஷையில் இருக்கிறதோ! அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் கருத்து.

மரக்காணம் என்றதும் உங்களுக்குப் பாட்டு ஞாபகம் வந்திருக்காது. 2023 மே மாசம் ஞாபகம் வந்திருக்கும். எக்கியார்குப்பத்தில் பாக்கெட் சாராயம் குடித்துச் செத்தார்கள். பக்கத்து செங்கல்பட்டு ஜில்லாவையும் சேர்த்தால் இருபது பேருக்கு மேல். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், 65 பேருக்கு மேல். இரண்டு இடத்திலும் உள்ளே இருந்தது மெத்தனால். பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உதவுகிற தொழிற்சாலைச் சரக்கு. அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண்ணைப் பிடுங்கும், அப்புறம் உயிரை. கலயத்தில் பொங்கினதிலோ சாடியில் புளித்ததிலோ ஆளைக் கொல்கிற அளவு மெத்தனால் தானாக வராது. யாரோ கேனில் கொண்டுவந்து ஊற்றவேண்டும். மூலக் கூலிக்காரன் ஐம்பது அறுபது ரூபாயில் வலியை மறக்க என்ன வாங்கலாம் என்று பார்த்தான், பாக்கெட் கிடைத்தது. அவனுக்குப் பன்னிரண்டு கூப்பன் யாரும் கொடுக்கவில்லை.

2025 ஜனவரியில் விக்கிரவாண்டி பக்கம் பூரிகுடிசையில் பனையேறிகள் கள் விடுதலை மாநாடு நடத்தினார்கள். ஒரு கட்சித் தலைவர் மேடையிலேயே கள் குடித்தார், போட்டோ எல்லாப் பேப்பரிலும் வந்தது. என்னைக் கேட்டால் தொண்டூருக்குப் பக்கத்தில் நடந்த நிஜமான கிராஃப்ட் பீர் விழா அதுதான். கையில் பட்டை கட்டவில்லை, சுற்றிலும் போலீஸ் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. மாமாவே சொல்லமாட்டார். "மரம் ஏற ஆளு எங்கடா? நாலு ஆளு இருக்கான், அவனுக்கும் அம்பது வயசு. பத்து முட்டி கள்ளு எறங்கும், நூறு முட்டி விக்கும்" என்றார். மீதித் தொண்ணூறு எங்கேயிருந்து வரும் என்பதற்குத் தெலங்கானாவைப் பார்த்தால் போதும். தூக்க மாத்திரைப் பொடி, குளோரல் ஹைட்ரேட் என்று அங்கே கள்ளில் கலக்காததில்லை. 2025 ஜூலையில் ஐதராபாத்தில் கலப்படக் கள் குடித்தே சிலர் செத்துப்போனார்கள். கள் தை மாசிக்கு ஆரம்பித்து ஆனி, ஆடியோடு ஓய்கிற சரக்கு. வருஷம் பூரா குடிக்கிறவனுக்கு மரம் ஈடுகொடுக்காது. அதனால் பத்து முட்டியைப் பத்து முட்டியாகவே விற்கிற ஏற்பாடு வேண்டும். எந்த மரம், யார் ஏறினது, எத்தனை மணிக்கு இறங்கினது என்று எழுதி ஒட்டவேண்டும். பெங்களூரில் பிளாக்போர்டில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார்களே, அது வெறும் ஸ்டைல் இல்லை.

அஸ்ஸாமில் திமாசா ஜனங்கள் செய்கிற ஜூதிமா என்ற அரிசி மது 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கிறதே, அதே முத்திரை. கோவா ஃபெனி 2009-லேயே வாங்கியாயிற்று. சிக்கிம் பக்கம் போனால் தோங்பா என்று கேழ்வரகைப் புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் நிரப்பி, மேலே வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுகிறார்கள். டூரிஸ்ட்டும் வரிசையில் நின்று உறிஞ்சுகிறான். செஞ்சிக் கோட்டைக்கும் 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்துவிட்டது. ராஜகிரி ஏறி இறங்கி நாக்கு வெளியே தள்ள வருகிற வெள்ளைக்காரர் இந்த ஊர் ஸ்பெஷலாகக் குடிக்க என்ன கிடைக்கும் என்று கேட்டால், நாம் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கோலாவை எடுத்து நீட்டுவோம்.

மச்சான் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ப்ரூவரிக்காரர் ஒருவர் ஸ்டவுட்டில் பனைவெல்லம் போட்டுப் பார்க்கலாம் என்றாராம். கள்தானே கூடாது, வெல்லத்துக்குத் தடையில்லையே. கிளம்புகிற அன்றைக்கு அஞ்சு கிலோ கட்டிக்கொண்டு நின்றான். மாமா ஒரு உருண்டையை எடுத்து உடைத்துப் பார்த்தார். நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து மச்சான் பயந்துவிட்டான்.

"எங்கடா வாங்கன இத்த?"

"செஞ்சில, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

"இதுல பாதி சீனிப்பாகுடா. போய்த் திருப்பிக் குடுத்துட்டு வா. சித்திரையில நானே ஆளு வெச்சி காய்ச்சித் தரேன்."

பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. மச்சான் அஞ்சு கிலோவையும் தூக்கிக்கொண்டு ஓடினான்.